பூமுடி

பிப்ரவரி 10, திங்கள்

குரூப் ஃபோர் தேர்வு முடிவு வந்துவிட்டது. பட்டியலில் என் எண் இருக்கிறது. பாண்டிதான் பைக் ஷோரூமிலிருந்து முதலில் பார்த்துவிட்டுப் போன் செய்தான். "ஜோதி, பாஸ்" என்றான். அதற்கு மேல் பேச முடியவில்லை. அவன் இருப்பது ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர். பின்னால் யாரோ பிரேக் ஷூ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னதும் கையிலிருந்த நாரைக் கீழே வைக்காமலே கண்ணை மூடி, முருகா என்றாள். அப்பா ரைஸ்மில்லிலிருந்து வந்ததும் என்ன வேலை, உட்கார நாற்காலி தருவார்களா என்று கேட்டார். அவர் மூட்டை தூக்குகிறவர். தருவார்கள் என்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனது நான் ஒருத்திதான். பாண்டி பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டான். மார்க் அவனுக்குத்தான் அதிகம்.

பாண்டியை இதில் அவன் என்றே எழுதுகிறேன். வெளியே அக்கா. ரேஷன் அட்டையில் பாண்டிச்செல்வி. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, தான் பெண் இல்லை என்று என்னிடம் சொன்னான். எனக்கு அது புதிதாகக் கேட்கிற விஷயமாகவே தோன்றவில்லை. கொஞ்ச நாளைக்கு அக்கா என்றே சொல்லிக்கொண்டிரு என்றான். அந்தக் கொஞ்ச நாள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவன் முடி இடுப்பைத் தாண்டும். அம்மாவுக்குத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு எதிரில் பூக்கடை. தினமும் கட்டுகிற பூவில் இரண்டு முழத்தை எங்கள் இரண்டு பேருக்கும் என்று எடுத்துவைத்துவிடுவாள். எனக்கு எலிவால். அவன் தலையைப் பார்த்துத்தான் கடைக்குப் பொம்பளைகள் வருகிறார்கள் என்று அம்மா சொல்வாள். போன வருஷம் முடியை வெட்டிக்கொள்கிறேன் என்று அவன் கேட்டதற்கு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சாமிக்கு என்றால் அம்மா மறுக்க மாட்டாள் என்று யோசனை கொடுத்தது நான். அப்புறம்தான் அவன், ஜோதி பாஸானால் பழனியில் முடி இறக்குவதாக வேண்டியிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னான். நான் வேலைக்காகத்தான் படித்தேன். ஆனாலும் கணக்குப் போடும்போதெல்லாம் அவன் பின்னல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது.

இன்று சாம்பார் நான் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

பிப்ரவரி 22, சனி

நாளை பழனி. அப்பாவுக்கு மில்லில் லோடு வருகிறது. நாங்கள் மூன்று பேர் போகிறோம்.

புளிசாதம் கிளறிக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள், பொம்பளைப் பிள்ளைக்கு மொட்டை எதற்கு, பூமுடி கொடுத்தாலே போதும், சாமி ஏற்றுக்கொள்ளும் என்று. பூமுடி என்றால் மூன்று கொத்து. மூன்று தடவை கத்தரி வைத்து உண்டியலில் போட்டுவிட்டு மிச்ச முடியோடு வீட்டுக்கு வந்துவிடலாம். பாண்டி, நான் முழுசாக இறக்குவதாகத்தான் வேண்டிக்கொண்டேன் என்றான். கல்யாணம் ஆகாத பிள்ளைகள் எல்லாம் பூமுடிதான் கொடுக்கும் என்றாள் அம்மா. விசாரித்துவிட்டாளாம்.

பாண்டி என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் பாட்டில்களை நிரப்பப் போனேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

முடி இறக்கும் இடத்தில் பெண்களுக்குத் தனி வரிசை. முடி எடுப்பவர்களும் பெண்கள்தான். தரையெல்லாம் ஈரம். குழந்தைகளின் அழுகை. அம்மா வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டாள். எங்கள் முறை வந்ததும் அவளே பேசினாள்: "பெரியவளுக்குத்தான். மூணு கத்தரி வச்சா போதும்மா."

முடி எடுக்கிற அம்மா சரி என்று கத்தரியை எடுத்துவிட்டுப் பாண்டியிடமும் ஒரு தடவை கேட்டார். அது அவர் வழக்கம் போலிருக்கிறது. "உனக்கு என்னம்மா வேண்டுதல்?"

"மொட்டை" என்றான் பாண்டி.

பக்கத்தில் தலை நனைத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாமி இடத்தில் நின்று வேண்டுதலை மறுக்க அவளால் முடியாது. எனக்கும் அது தெரியும், அவனுக்கும் தெரியும். பூவை எடுத்துவிடுங்கள் என்று அந்த அம்மா சொன்னார். காலையில் அம்மா வைத்துவிட்ட பூ. ஹேர்பின் ஒவ்வொன்றாக அம்மாவேதான் எடுத்தாள். எடுத்த பூவை அங்கேயே என் தலையில், என் பூவுக்கு மேல் வைத்து அதே பின்களைக் குத்தினாள். எல்லாம் நான்தான் சுமந்தேன். நல்ல கனம்.

முடியை நனைத்து இரண்டாகப் பிரித்து முடிந்துகொண்டு சிரைத்தார்கள். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. பாண்டி குனிந்தபடி இருந்ததால் முகம் தெரியவில்லை. தோள் மட்டும் தெரிந்தது. அழுகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். சந்தனம் பூசும்போதும் அப்படித்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். அவன் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு முன்னால் நின்றான். கண்டக்டர் பின்னாலிருந்து, "தம்பி, படியில நிக்காத, உள்ள போ" என்றார். பாண்டி உள்ளே போனான். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பல் கூட விளக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

தெருவில் பாண்டிக்கு மரியாதை கூடிவிட்டது. தங்கச்சி வேலைக்காக முடியையே கொடுத்த பிள்ளை என்கிறார்கள். பூ வாங்க வருகிறவர்கள் அம்மாவிடம் அவனைப் பற்றிக் கேட்கிறார்கள். ஷோரூம் மேனேஜர் தன் மகளிடம் இவனைக் காட்டி, இந்த அக்காவைப் பார், பக்தி என்றால் இதுதான் என்றாராம். இதைச் சொல்லிவிட்டு பாண்டி மாடியில் விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. சாமி பெயரைச் சொல்லிச் செய்த காரியம். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறேன்.

அம்மா இப்போதும் இரண்டு முழம்தான் எடுத்துவைக்கிறாள். இரண்டையும் எனக்கே வைத்துவிடுகிறாள். குறைக்கச் சொன்னேன். அவள் வந்ததும் பிரித்து வைத்துக்கொள்ளலாம் என்றாள். எவள் வந்ததும் என்று ஒரு நிமிஷம் குழம்பினேன். பாண்டிக்கு முடி வளர்ந்ததும் என்று அர்த்தம்.

மார்ச் 30, ஞாயிறு

பஞ்சவர்ணம் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. சோழவந்தானில் இருக்கிறாள். ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருக்கிறாள், பாண்டிக்கு.

பையன் உரக்கடை வைத்திருக்கிறான். அவன் அம்மாவுக்குச் சாமி பக்தி ஜாஸ்தி. கூடப்பிறந்தவளுக்காக மொட்டை போட்ட பெண் என்று கேள்விப்பட்டு அவர்களாகவே கேட்டுவிட்டார்களாம். இருபத்தாறு வயசாகியும் இத்தனை வருஷம் ஒரு இடம் வரவில்லை, இப்போது மொட்டைத் தலைக்கு வந்திருக்கிறது என்று அத்தை சொன்னாள். "பழனி ஆண்டவன் கையோட குடுத்திருக்கான் பாத்தியா?" என்று பாண்டியின் தலையைத் தட்டினாள். ஒன்றும் அவசரம் இல்லையாம். ஆவணியில் பெண் பார்க்க வருவார்களாம். தையில் கல்யாணம். அதற்குள் முடி ஓரளவு வளர்ந்துவிடும், சவுரி வைத்துப் பின்னிக்கொள்ளலாம்.

அம்மா முகம் மலர்ந்துபோய் இருந்தது. அப்பா, அவளைக் கேட்டீர்களா என்றார். அத்தை, அவளை என்ன கேட்க என்றாள்.

பாண்டி அத்தைக்குக் காபி போட்டுக் கொடுத்தான். சாயங்காலம் மாடியில் என்னிடம் சொன்னான்: "உன் ஐடியா நல்லா வேலை செய்யுதுடி."

ஏப்ரல் 18, வெள்ளி

அம்மா எண்ணெய் காய்ச்சுகிறாள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, வெந்தயம். வீடு முழுக்க வாடை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பாண்டியை மடியருகே உட்காரவைத்துத் தேய்க்கிறாள். முடி முதலில் தேங்காய்நார் மாதிரி இருந்தது, இப்போது பிரஷ் மாதிரி ஆகியிருக்கிறது. அவனுக்கு இந்த அளவு ரொம்பப் பிடித்திருக்கிறது. போகிற வருகிற எல்லாக் கண்ணாடியிலும் பார்க்கிறான், பைக் கண்ணாடி உட்பட.

அம்மா தேய்க்கத் தேய்க்க அது வளர்வதை நான் பார்க்கிறேன். அவனும் பார்க்கிறான். அவள் கையைத் தட்டிவிட மாட்டான்.

மே 24, சனி

பாண்டி என்னையும் கூட்டிக்கொண்டு மதுரையில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனான். முடி காதைத் தொட்டுவிட்டது. பின்கழுத்தில் சுருள ஆரம்பித்துவிட்டது. நன்றாகக் குறைத்து, பக்கவாட்டில் மிஷின் போட்டு எடுங்கள் என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னான். அவள் சிரித்தாள். நல்ல பெண்தான். நாங்கள் மிஷின் போடுவதில்லை அக்கா, பாய் கட் வேண்டுமானால் பண்ணுகிறேன், உங்கள் முகத்துக்கு ஏற்ற மாதிரி ஷேப் வைத்துத் தருகிறேன் என்றாள்.

வைத்தாள். காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கூர்மையாகக் கொஞ்சம் முடியை இழுத்துவிட்டாள். நெற்றியில் பூனைவால் மாதிரி ஒரு வளைவு. பின்னால் வாத்து வால். நடுவில் பாண்டி, அந்தக் கூர்முடியை எடுத்துவிடுங்கள் என்றான். எடுத்தால் ஆம்பளை மாதிரி ஆகிவிடும் அக்கா என்று அவனைத் தேற்றினாள்.

பஸ் ஸ்டாண்டில் கரும்புச்சாறு குடித்தோம். எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். "ஸ்கூல் நாடகத்துல ராஜா வேஷம் போட்ட பொண்ணு மாதிரி இருக்கேன்" என்றான். அது சரிதான். எனக்கு அந்தச் சொல் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

முடி ஒரே சீராக வளர்வதற்காகத் திருத்திக்கொண்டோம் என்று அம்மாவிடம் சொன்னோம். நல்ல காரியம் என்றாள்.

ஜூன் 11, புதன்

பாண்டி அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்கிறான். ஆவணியில் அவர்கள் வருவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும், வந்தபிறகு சொன்னால் அம்மாவுக்குத்தான் அவமானம் என்கிறான். அப்புறம் ஊரிலேயே ஆம்பளைகள் போகிற சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை சாமியை இழுக்கக் கூடாதாம்.

கலந்தாய்வு முடியட்டும் என்று சொன்னேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. இந்தச் சமயத்தில் வேண்டாம்.

சரி என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்குப் பயம் அம்மாவை நினைச்சா, முருகனை நினைச்சா?" என்று கேட்டான்.

மழை வருகிற மாதிரி இருந்தது. துணி எடுக்கப் போய்விட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

கலந்தாய்வு முடிந்தது. சிவகங்கை கிடைத்திருக்கிறது. இளநிலை உதவியாளர். பணியாணை தபாலில் வரும் என்றார்கள்.

சென்னைக்குத் துணைக்கு வந்தது பாண்டிதான். பெயர் கூப்பிட்டபோது நான் ஃபைலில் தாள்களை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். முதுகில் கையை வைத்துத் தள்ளிவிட்டான்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எதுவும் பேச வேண்டாம் என்று பாண்டியிடம் சொன்னேன். தபாலும் இன்னும் வரவில்லை.

அவன் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டான். இப்போது அடிக்கடி அப்படிச் செய்கிறான். அவன் அதைச் செய்வதைப் பார்க்கும்போது சின்ன வயதில் பார்த்த அக்கா மாதிரியே இருக்கிறது. அவனுக்கும் அது தெரிகிறது. உடனே கையை எடுத்துவிடுகிறான்.

கண்ணாடி பார்ப்பது நின்றுபோய்விட்டது. பைக்கில் கண்ணாடியை மேல் பக்கம் திருப்பி வைத்திருக்கிறான். பின்னால் லாரி வருவது எப்படித் தெரியும் என்று அப்பா திட்டினார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பணியாணை வந்துவிட்டது. செப்டம்பர் எட்டாம் தேதி சேர வேண்டும். அப்பா மில்லில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார். மூலையில் தவிடு ஒட்டியிருந்தது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அத்தை போன் செய்து சொல்லிவிட்டாள். பையன், அவன் அம்மா, அக்கா, மாமா.

முடியை என்ன செய்வது என்று அம்மா யோசித்துக்கொண்டே இருந்தாள். தோளைத் தொட இன்னும் நிறைய இருக்கிறது. சவுரி நிற்காது. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். பூச்சடை. கல்யாணப் பெண்களுக்கும் வளைகாப்புக்கும் அம்மா கட்டித் தருவாளே, அதுதான். வாழைமட்டையில் பூவைத் தைத்து நீளமாக, பின்னல் மாதிரியே. அதை ஒரு ஹேர்பேண்டில் கோத்துத் தலையில் மாட்டிவிட்டால் அடியில் முடி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

திருமங்கலத்தில் அம்மா அளவுக்குப் பூச்சடை தைக்கிறவர்கள் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அதில் பெருமையாகத்தான் இருக்கிறது.

பாண்டி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. காத்திருக்கச் சொல்ல என்னிடமும் காரணம் ஒன்றும் மீதி இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

அம்மா இன்று கடைக்குப் போகவில்லை. மத்தியானத்திலிருந்து பூச்சடை தைத்தாள். மல்லி மொட்டு வரிசை வரிசையாக, இடையிடையே ரோஜா இதழ், ஓரத்தில் மரிக்கொழுந்து, நுனியில் குஞ்சம். ஆறு மணிக்குக் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. பாண்டி ஷோரூமிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தான். அப்பா வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். நான் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இதை எனக்குக் கட்டாதம்மா" என்றான்.

நாளைக்கு ஒரு நாள்தானே என்றாள் அம்மா.

"நாளைக்கு அவுக வர வேணாம். நான் யாருக்கும் பொண்டாட்டியா இருக்க முடியாது. நான் பொம்பளை இல்லம்மா. சின்னதுலருந்தே இல்ல. பழனியில இறக்கினது வேண்டுதல் இல்ல. அந்த முடி எனக்கு வேணாம், அதான் இறக்கினேன்."

வாசலில் காற்றடிக்கிற சத்தம் நின்றது. அம்மா ஊசியை நிறுத்தவில்லை. இரண்டு மொட்டுத் தைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றாள். "தெரிஞ்சுதான் பூமுடின்னு சொன்னேன். மூணு கத்தரியோட கூட்டியாந்துரலாம்னு பாத்தேன்."

பாண்டி தரையில் சிதறிய மொட்டுகளைப் பொறுக்கினான்.

"மொட்டைன்னு நீ சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். நீ பொறந்ததுலருந்து அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததில்ல. பயந்து போச்சு எனக்கு."

அதற்குப் பிறகு அழுதாள். சத்தமாக இல்லை. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விரலில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டாள், பூ கறுத்துவிடும் என்று. பாண்டியும் அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, சாமியிடம் இப்படி விளையாடலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தது, இதெல்லாம் உனக்குத் தோன்றாதே என்று அம்மா கேட்டாள்.

"நாந்தான்மா. வேற யாரு" என்றான் பாண்டி.

வெங்காயம் நிறைய நறுக்கிவிட்டேன். பாதியைத் தனியே எடுத்துவைக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் அம்மா என் போனை வாங்கி அத்தையிடம் பேசினாள். "மதினி, அவுகள வர வேணாம்னு சொல்லிருங்க. பாண்டிக்கு வேண்டுதல் இன்னும் தீரலையாம். வருசா வருசம் எறக்கணுமாம்."

அத்தை கத்தியது எனக்கே கேட்டது. எந்தச் சாமி வருஷா வருஷம் மொட்டை கேட்கிறது என்றாள். எனக்கென்ன தெரியும் மதினி, கேட்கிறதே என்றாள் அம்மா. போனை என்னிடம் கொடுக்கும்போது என் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள்.

பூச்சடையை ஒரு வளைகாப்பு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அம்மா பாண்டியிடம் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். இரண்டு முழம் பூவும் என் தலையில்தான். ஒன்று போதும் என்று சொல்ல இன்று வாய் வந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அப்பா சலூனுக்குப் போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். மாதக் கடைசி ஞாயிறு வழக்கமாகப் போவது. மார்க்கெட் பக்கத்தில் சமயமுத்து என்பவர் கடை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அப்பாவுக்கு வேறு கடை கிடையாது.

குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஞாயித்துக்கெழமை ஒரே கூட்டம். செவ்வாக்கெழமை கடை லீவு. புதன் காலையில போனா ஆள் இருக்காது."

பாண்டி தட்டிலிருந்து நிமிர்ந்தான். அப்பா ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

செப்டம்பர் 3, புதன்

பாண்டி அரை நாள் லீவு சொல்லியிருந்தான். என்னை வா என்று கூப்பிடவில்லை. நான்தான் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். எட்டாம் தேதி கிளம்பிவிடுவேன், அப்புறம் எப்போது முடியும்?

சலூனுக்குள் நான் போனதே இல்லை. வெளியே நின்று அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். மூன்று நாற்காலி. ரேடியோவில் செய்தி. அப்பா சொன்ன மாதிரி கூட்டம் இல்லை. ஒரு பெரியவர் ஷேவிங்குக்குச் சாய்ந்திருந்தார், இன்னொருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாண்டி ஷோரூமுக்குப் போடுகிற பேண்ட்டும் புதுச் சட்டையும் போட்டிருந்தான். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது.

சமயமுத்து எங்களைப் பார்த்துவிட்டு, சின்னக்கருப்பன் அண்ணன் பிள்ளைகள்தானே, அப்பாவைத் தேடுகிறீர்களா என்றார். பாண்டி, முடி வெட்ட வந்தேன் என்றான். பெரியவரின் கன்னத்தில் இருந்த கத்தி நின்றது.

"லேடீஸ் பார்லர் பேங்க் மாடியில இருக்கு தாயி."

"தெரியும்ணே. அது மாதிரி கடைக்குப் போய்ப் பாத்துட்டேன். சரியா வரல." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "புதன்கெழமை போனா கூட்டம் இருக்காதுன்னு அப்பாதான் சொன்னாரு."

அவர் பெரியவரின் மறு கன்னத்தை முடித்தார். அவசரப்படவில்லை. துடைத்து, படிகாரம் தேய்த்து அனுப்பினார். பேப்பர்காரர் எங்களைப் பார்ப்பதும் பேப்பரைப் பார்ப்பதுமாக இருந்தார். எனக்கு வெளியே ஓடிவிட வேண்டும் போல இருந்தது. காலண்டரில் தேதி கிழிக்காமல் திங்கட்கிழமையாகவே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் நாற்காலியில் துண்டால் இரண்டு தட்டுத் தட்டினார். பாண்டி ஏறி உட்கார்ந்தான். துணியைப் போர்த்திக் கழுத்தில் கட்டிவிட்டு, அவனைக் கேட்காமல் கண்ணாடி வழியாக என்னைக் கேட்டார், எப்படி வெட்டணும் என்று. பிள்ளையைக் கூட்டிவந்த அம்மாவைக் கேட்கிற மாதிரி.

"அவன்கிட்ட கேளுங்கண்ணே" என்றேன்.

இந்த நோட்டிலும் மாடியிலும் தவிர வேறெங்கும் அப்படிச் சொன்னதில்லை. யோசித்துச் சொல்லவில்லை, வாயில் இருந்தது வந்துவிட்டது. பேப்பர்காரர் ஒரு பக்கம் திருப்பினார். பாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தான். சமயமுத்து சீப்பைத் தண்ணீரில் நனைத்தார். "சரி, சொல்லுப்பா" என்றார் அவனிடம்.

அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது எனக்குப் பாதி புரியவில்லை. சைடில் எத்தனாம் நம்பர் மிஷின், மேலே எவ்வளவு, பின்னால் நேராகவா ரவுண்டாகவா. பாண்டி எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். எத்தனை வருஷமாக வைத்திருந்தானோ. மிஷின் காதருகே வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கூர்முடி விழுந்தது. பின்கழுத்துச் சுருள் விழுந்தது. முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் அவர் கன்னத்தில் கையை வைத்து, ஷேவிங் எடுக்கவா என்றார். அப்புறம் கையை எடுத்துக்கொண்டார். "அடுத்த வருசம் வர்றேன்ணே" என்றான் பாண்டி. பேப்பர்காரர் சிரித்துவிட்டார். சமயமுத்தும் சிரித்தார்.

பின்னால் கண்ணாடி பிடித்துக் காட்டினார். பாண்டி வலது பக்கம், இடது பக்கம், மறுபடி வலது பக்கம் பார்த்தான். பழனியில் அம்மா பார்த்ததாகச் சொன்ன முகத்தை அன்று நான் பார்க்கவில்லை, அவன் குனிந்திருந்தான். இன்று பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "பழனிக்குப் போற ஐடியா என்னோடதுன்னு அம்மாகிட்ட சொல்லிடுறேன்" என்றேன். பழனியில் என் பூவை உன் தலையில் குத்தும்போதே அம்மாவுக்கு அது தெரியும், பேசாமல் வா என்றான்.

அம்மா கூடத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் உள்ளே போனோம். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி பூவைப் பார்த்தாள். நாலைந்து கண்ணி கட்டினாள். அப்புறம், "திரும்பு" என்றாள்.

பாண்டி திரும்பினான்.

"இந்தக் காதுக்குப் பின்னாடி ஒரு கொத்து துருத்திக்கிட்டு நிக்குது. என்னத்த வெட்டினான் அவன்? இங்கிட்டு வா."

எண்ணெய் தேய்க்கும்போது உட்காருகிற அதே இடத்தில் பாண்டி உட்கார்ந்தான். நார் வெட்டுகிற சின்னக் கத்தரியை அம்மா முந்தானையில் துடைத்தாள். அவன் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று தடவை வெட்டினாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். கழுத்தில் ஒட்டியிருந்ததை ஊதிவிட்டாள். அடுத்த மாதம் போகும்போது காதுப் பக்கம் பார்த்து எடுக்கச் சொல் என்றாள். அவன் கிராப்பில் அவள் ஈரக் கை பட்டு ஒரு மல்லி இதழ் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

தரையில் முடியும் பூக்காம்பும் கலந்து கிடந்தன. நான் கூட்டி அள்ளினேன். திரும்பி வந்தபோது அம்மா பூவை முழங்கையில் அளந்து வெட்டி எனக்கு எடுத்துவைத்திருந்தாள். ஒரு முழம். மிச்சத்தைக் கூடையில் சுற்றி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டாள்.